மஞ்சக் கலர் பேனா டைப் பிஎச் மீட்டர்: ஏஎல் கெமிஸ்ட்ரி புள்ளைங்களுக்கு வாங்கலாமா?

நேரா விஷயத்துக்கு வந்துர்றேன். ஒன்லைன்ல மஞ்சக் கலர்ல ஒரு பேனா டைப் பிஎச் மீட்டர், அதாவது கரைசலோட புளிப்ப (அமிலத்தன்மைய) நம்பர்ல காட்டுற சாமான், விக்கிறாங்களே, மீன் தொட்டி வச்சிருக்கவங்க, மண்ணில்லாம கீரை வளக்குறவங்க எல்லாம் வாங்குறது, அதத்தான் இலங்கை மலைநாட்டுல தலவாக்கலை பக்கம் நான் நடத்துற ஏஎல் (உயர்தர) கெமிஸ்ட்ரி கிளாஸுக்கு வாங்கி, அயன் சமநிலை பாடம் முழுக்க புள்ளைங்க கையில குடுத்து பாவிச்சு பாத்துட்டேன். வாங்கலாம். ரெண்டாயிரம் ரூவாய்க்கு கிட்ட போன காசு வீண் போகல. ஆனா இது என்னத்த அளக்குது, என்னத்த அளக்காதுன்னு தெரியாம வாங்குனா ஒரு மாசத்துல அலமாரிக்குள்ள போயிரும், அதனாலதான் இவ்வளவு நீட்டமா எழுதுறேன்.

மொதல்ல ஏன் வாங்குனேன்னு சொல்லிர்றேன். அமிலம், மூலம், பிஎச் கணக்கு எல்லாம் நம்ம புள்ளைங்க நல்லா போடுவாங்க. பாஸ்ட் பேப்பர் குடுத்தா கல்குலேட்டர் இல்லாமலே மடமடன்னு போட்டுருவாங்க. ஆனா ஐதரசன் அயன் செறிவு 10⁻³ன்னா (பிஎச் 3) அது எவ்வளவு, 10⁻⁵ன்னா (பிஎச் 5) அதுல இருந்து எவ்வளவு தூரம்னு கேட்டா, 'ரெண்டு வித்தியாசம் டீச்சர்'னு சொல்லுவாங்க. ரெண்டு இல்ல, நூறு மடங்கு. இந்த நூறு மடங்கு மனசுல ஏறுறதுக்கு கரும்பலகை போதாது, கண்ணால பாக்கணும். நம்ம மலைநாட்டுல ஏஎல் சயன்ஸ் பிரிவு இருக்குற தமிழ் பள்ளிக்கூடம் கெடைக்குறதே பெரிய விஷயம், அதுல லேப்ல நல்ல மீட்டர் இருந்து, அத புள்ளைங்க தொட விடுறது இன்னும் பெரிய விஷயம். அதனால கையில குடுத்து பழக்குறதுக்கு ஒரு சாமான் தேவைப்பட்டுச்சு, அவ்வளவுதான்.

பெட்டிக்குள்ள மீட்டர், மூணு சின்ன பவுடர் பெக்கட், ஒரு துண்டு பேப்பர்ல வழிமுறை, அவ்வளவுதான் வருது. மீட்டர் ஓடுறது பட்டன் பெட்டரியில. அடியில மூடிய கழட்டுனா ஒரு சின்ன கண்ணாடி முட்டு தெரியும், மிளகு அளவுதான் இருக்கும், அதுதான் இந்த சாமானோட உயிரு. அந்த கண்ணாடியோட வெளித்தோல் தண்ணியில ஊறி இருக்குறப்போ, உள்பக்கம் இருக்குற கரைசலுக்கும் வெளிய இருக்குற கரைசலுக்கும் ஐதரசன் அயன் செறிவு வித்தியாசப்பட்டா ஒரு சின்ன வோல்ட் வரும், அத வாங்கி பிஎச்சா மாத்தி காட்டுறதுதான் மீட்டர் செய்யுற வேலை. 25 பாகை செல்சியஸ்ல பத்து மடங்கு செறிவு வித்தியாசத்துக்கு 59 மில்லிவோல்ட்டு சொச்சம். கண்ணாடி இப்பிடி வேலை செய்யுறத 1906லயே கண்டுபுடிச்சுட்டாங்க, பிஎச்ங்கிற கணக்க சோரன்சன் 1909ல கொண்டுவந்தாரு, டென்மார்க்ல ஒரு பியர் கம்பனி நடத்துன ஆராய்ச்சிக்கூடத்துல வேலை செஞ்சவரு. அப்புறம் 1934ல அமெரிக்காவுல பெக்மன்னு ஒரு கெமிஸ்ட்ரி பேராசிரியர், எலுமிச்சை சாறோட புளிப்ப அளக்கணும்னு பழ கம்பனியில இருந்த கூட்டாளி கேட்டதுக்காக, கண்ணாடியில இருந்து வர்ற சின்ன வோல்ட்ட பெருக்கி காட்டுற மெசின் செஞ்சு குடுத்தாரு. அது ஒரு பெட்டி சைஸ்ல இருந்துச்சு. இப்ப அதே வேலைய சட்டப்பையில வைக்கிற சாமான் செய்யுது. இந்த கதைய கிளாஸ்ல சொன்னா புள்ளைங்க மீட்டர புடிக்கிற விதமே மாறிருது, மெதுவா புடிக்கிறாங்க.

இப்ப அந்த மூணு பவுடர், மீட்டர சரி பாத்து செட் பண்ணுறதுக்கு. ஒவ்வொண்ணையும் 250 மில்லி லீட்டர் காய்ச்சி வடிச்ச தண்ணியில கரைச்சா தாங்கற் கரைசல் (கொஞ்சம் அமிலமோ மூலமோ சேந்தாலும் பிஎச் லேசுல மாறாத கரைசல்) கெடைக்கும், 4.01, 6.86, 9.18னு பெக்கட்லயே அடிச்சிருக்கும். காய்ச்சி வடிச்ச தண்ணிக்கு எங்கயும் அலைய வேணாம், வாகன பெட்டரிக்கு ஊத்துற தண்ணி போத்தல் பெட்ரோல் செட்லயே கெடைக்கும், அசிட் கலந்த போத்தல் இல்லன்னு மட்டும் பாத்து வாங்குங்க. நான் வாங்குனதுல பட்டன அமுக்குனா மீட்டர் தானாவே எந்த கரைசல்னு கண்டுபுடிச்சு செட் ஆகும். இன்னொரு வகை இருக்கு, பின்னால ஒரு சின்ன ஸ்க்ரூ, அத திருப்பி திருப்பி நம்பர கொண்டு வரணும், அது ஒரே புள்ளியில மட்டுந்தான் சரி செய்யும், வெல கொஞ்சம் கொறைவுன்னு அத வாங்காதீங்க. ரெண்டு புள்ளியாவது செட் பண்ண முடியுறதுதான் வேணும், ஏன்னா கண்ணாடிக்கு வயசாக வயசாக அந்த 59 மில்லிவோல்ட் கொறைஞ்சுக்கிட்டே வரும், ஒரு புள்ளிய மட்டும் சரி பண்ணா மத்த பக்கம் எல்லாம் சாஞ்சு நிக்கும்.

இங்கதான் நம்ம ஊர் குளிரு விளையாடுது. பெக்கட்ல அடிச்சிருக்க 4.01, 6.86, 9.18 எல்லாம் 25 பாகைக்கு உரிய நம்பர். நம்ம பக்கம் காலையில கிளாஸ் ரூம் 15 பாகையில இருக்கும், நுவரெலியா பக்கம் இன்னும் கீழ. 15 பாகையில அதே கரைசல்களோட உண்மையான பிஎச் 4.00, 6.90, 9.28. கடைசி நம்பர பாருங்க, 0.1 கூடிருச்சு. 0.1 தானன்னு நெனைக்க வேணாம், பிஎச்சுல 0.1ன்னா அயன் செறிவுல 25 சதவீதத்துக்கும் மேல. இந்த வெல மீட்டரெல்லாம் ரெண்டு தசம தானம் காட்டும், 4.53ன்னு, பாக்குறவங்க அத அப்பிடியே நம்பிருவாங்க, ஆனா நடைமுறையில இதுல 0.1 பிழை இருக்கும்னு வச்சுத்தான் நான் பாவிக்கிறேன். அதனால புள்ளைங்ககிட்ட, பிஎச்ச ஒரு தசம தானத்தோட எழுதுங்க, செறிவ கணக்கு போட்டா ஒரே ஒரு பொருளுடைய இலக்கத்தோட நிறுத்துங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். இத பேப்பர்ல சொல்லிக் குடுக்குறத விட மீட்டர் கையில இருக்கப்போ சொல்லிக் குடுக்குறது எவ்வளவு லேசு தெரியுமா.

சரி, கிளாஸ்ல என்ன செஞ்சோம்ங்கிறதுதான் முக்கியம். கடையில விக்கிற சாதாரண வினிகர தண்ணி கலந்து, நியமிப்பு செஞ்சு (செறிவு தெரிஞ்ச மூலத்த விட்டு அளந்து), லீட்டருக்கு 0.1 மூல் அசற்றிக் அமிலமா ஆக்கி ஒரு போத்தல். அதே 0.1 மூல் ஐதரோக்குளோரிக் அமிலம் இன்னொரு போத்தல். ரெண்டும் பாக்க பச்சத்தண்ணி. ரெண்டுக்கும் ஒரே செறிவு, ரெண்டும் ஒரு மூலக்கூறு ஒரு ஐதரசன் அயனத்தான் குடுக்கும். மீட்டர வச்சா ஐதரோக்குளோரிக் 1.1, அசற்றிக் 2.9. செறிவா மாத்துனா ஒண்ணு லீட்டருக்கு 0.08 மூல், மத்தது 0.0013 மூல். அறுவது மடங்கு வித்தியாசம். அசற்றிக் அமிலத்துல நூத்துக்கு ஒரு மூலக்கூறு சொச்சந்தான் அயனாகி இருக்கு, மத்ததெல்லாம் முழு மூலக்கூறாவே கெடக்குதுன்னு புள்ளைங்க தாங்களே சொன்னாங்க, நான் சொல்லல.

(முழுசா அயனாகுற வன்னமிலம், அதாவது ஐதரோக்குளோரிக், ஏன் சரியா 1.0 காட்டல, 1.1 காட்டுதுன்னு ஒரு புள்ள கேட்டா, அது நல்ல கேள்வி. அந்த செறிவுல அயன்கள் ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு இருக்குறதால முழுசா வேலை செய்யுறதில்ல, கண்ணாடிக்கு தெரியுறது வேலை செய்யுற பங்கு மட்டுந்தான். ஏஎல்லுக்கு இது தேவையில்ல, ஆனா மீட்டர் பொய் சொல்லலன்னு தெரியணும்.)

அடுத்தது, ரெண்டுலயும் 10 மில்லி எடுத்து 100 மில்லி ஆக்குனோம். வன்னமிலம் 1.1ல இருந்து 2.0க்கு போச்சு, எதிர்பாத்ததுதான், பத்து மடங்கு ஐதாக்குனா ஒண்ணு கூடணும். அசற்றிக் அமிலம் 2.9ல இருந்து 3.4 தான். பாதிதான் நகந்துச்சு. ஏன்னா தண்ணி ஊத்துனவுடனே சமநிலை அயனாகுற பக்கமா நகந்து, முழுசா கெடந்த மூலக்கூறுல இன்னும் கொஞ்சம் ஒடையுது, நூத்துக்கு ஒண்ணு சொச்சமா இருந்தது நாலு சொச்சமா ஆகுது. ஒஸ்வால்ட்ங்கிற விஞ்ஞானி 1888ல எழுதுன ஐதாக்கல் விதிய நாங்க வருஷக்கணக்கா சூத்திரமா மட்டும் படிச்சோம், இந்த புள்ளைங்க அத ஒரு போத்தல் வினிகர்ல பாத்தாங்க. அந்த 0.5 வர்றப்போ வர்க்கமூலம் எங்க இருந்து வருதுன்னு நான் விளக்கவே தேவைப்படல.

ஆனா உண்மையான பாடம் அதுக்கு அப்புறந்தான். அந்த 0.1 மூல் போத்தல் ரெண்டுலயும் 10 மில்லி எடுத்து, 0.1 மூல் சோடியம் ஐதரொட்சைட்டு எவ்வளவு குடிக்குதுன்னு பாக்கச் சொன்னேன். அளவிய (பியூரெட்ட) பாக்குறதுக்கு முன்னால கேட்டா பாதிக்கு மேல, மென்னமிலத்துக்கு, அதாவது அசற்றிக்குக்கு, கொஞ்சமா போதும்னுதான் சொன்னாங்க, பிஎச் கூடத்தான இருக்கு அப்பிடின்னு. ரெண்டும் அதே 10 மில்லி தான் குடிச்சுச்சு. கிளாஸே அமைதி. அறுவது மடங்கு வித்தியாசமா மீட்டர் காட்டுன ரெண்டு கரைசலும் ஒரே அளவு மூலத்த தின்னுருச்சு. மீட்டர் காட்டுறது அந்த நிமிஷம் கரைசல்ல தனியா திரியுற அயன மட்டும், போத்தலுக்குள்ள இருக்குற மொத்த அமிலத்த இல்ல. தனியா திரியுறத மூலம் தின்ன தின்ன, ஒளிஞ்சு கெடந்த மூலக்கூறு ஒடைஞ்சு புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கும், கடைசி ஆள் வர்ற வரைக்கும். இந்த மீட்டர பத்தி நான் சொல்லணும்னு நெனைக்குற ஒரே விஷயம் இதுதான், கீழ மண்ணு விஷயத்துல திரும்பவும் இதுதான் வரப்போகுது.

நியமிப்ப மீட்டர வச்சுக்கிட்டே செஞ்சா இன்னும் சுகம். மூலத்த ஒவ்வொரு மில்லியா விட்டு, பிஎச்ச எழுதி, கட்டம் போட்ட தாளுல வரைஞ்சா அந்த வளைவு அப்பிடியே வரும், புத்தகத்துல இருக்குற அதே வளைவு. பாதி தூரத்துல, அதாவது 5 மில்லியில, மீட்டர் 4.7, 4.8னு நிக்கும், அதுதான் அசற்றிக் அமிலத்தோட பிகேஏ, அமிலம் எவ்வளவு வன்மைன்னு சொல்லுற நம்பர். அந்த இடத்துல வளைவு தட்டையா படுத்துருக்கும், மூலத்த விட்டாலும் பிஎச் லேசுல அசையாது, தாங்கற் கரைசல்னா என்னன்னு அதுக்கு மேல என்ன விளக்கம் வேணும். சமவலுப் புள்ளி (அமிலமும் மூலமும் சரிக்கு சரியா முடியுற இடம்) 8.7 பக்கம் வரும், 7ல வராது, அதனாலதான் இதுக்கு கலர் மாறி காட்டுற பினோத்தலீன் போடுறோம், மெதைல் செம்மஞ்சள் போட்டா வளைவு ஏறுறதுக்கு ரொம்ப முன்னாலயே கலர் மாறி முடிஞ்சிரும். 'ஓ, அதுக்குத்தானா டீச்சர்'னு ஒரு புள்ள சொன்னா. வருஷம் பூரா மனப்பாடம் பண்ணி வச்சிருந்த ஒரு வரி அவளுக்கு அன்னைக்குத்தான் வெளங்குச்சு.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும், இது நம்ம மலையிலதான் இவ்வளவு நல்லா தெரியும். லீட்டருக்கு 0.01 மூல் சோடியம் ஐதரொட்சைட்டு. எல்லாரும் கணக்கு போட்டாச்சு, ஐதரொட்சைட்டு அயன் 10⁻², 14ல இருந்து 2 போனா 12. மீட்டர வச்சா 12.3ன்னு காட்டுது. காலை ஏழரை மணி, நல்ல மூட்டம், ரூமுக்குள்ள 15 பாகை.

'டீச்சர், மீட்டர் பழுது.'

'வன்னமிலம் 0.01க்கு என்ன காட்டுச்சு?'

'2.0. அது சரியா காட்டுச்சு.'

'அப்ப மீட்டர் எப்பிடி பழுதாகும்?'

அந்த 14 எங்க இருந்து வருதுன்னு திரும்பவும் தோண்டுனோம். தண்ணி தானாவே கொஞ்சம் அயனாகும், ஐதரசன் அயன் செறிவையும் ஐதரொட்சைட்டு அயன் செறிவையும் பெருக்குனா 10⁻¹⁴. ஆனா அது 25 பாகைக்கு. தண்ணி அயனாகுறது வெப்பத்த உறிஞ்சுற தாக்கம், குளிருல கொறையும், 15 பாகையில அந்த பெருக்கம் 4.5×10⁻¹⁵ தான், மடக்கையில சொன்னா 14 இல்ல, 14.35. இப்ப 14.35ல இருந்து 2 போனா என்ன வருது பாருங்க. அமிலத்துல இந்த வித்தியாசம் தெரியாது, ஏன்னா அங்க ஐதரசன் அயன் அமிலத்துல இருந்து நேரா வருது, தண்ணிய நம்பி இல்ல. மூலத்துலதான் ஐதரசன் அயன் செறிவ தண்ணியோட சமநிலை முடிவு பண்ணுது, அதனால குளிரு அங்கதான் கை வைக்குது. அப்ப 15 பாகையில நடுநிலை எதுன்னு கேட்டேன், 14.35ல பாதி, 7.17னு ஒரே நேரத்துல நாலஞ்சு பேர் சொன்னாங்க. கொதிக்கிற தண்ணியில அது 6.1 பக்கம் வந்துரும், அதுக்காக கொதிக்கிற தண்ணி அமிலம் ஆகிறாது, ரெண்டு அயனும் சமமாவே இருக்கும். நடுநிலைன்னா 7 இல்ல, ரெண்டும் சமம்ங்கிறதுதான் நடுநிலை. இத கொழும்புல இருக்குற ஒரு டீச்சரால இவ்வளவு லேசா காட்ட முடியாது, அங்க ரூமே 28, 30 பாகை, வித்தியாசம் சின்னதா இருக்கும், அதுவும் மத்த பக்கம் போகும்.

பெட்டியில 'தானியங்கி வெப்பநிலை திருத்தம்'னு போட்டிருப்பாங்க, அத பத்தி நெறைய பேர் பிழையா வெளங்கி வச்சிருக்காங்க. அது கண்ணாடியோட வோல்ட் கணக்கத்தான் திருத்தும், அந்த 59 மில்லிவோல்ட் 15 பாகையில 57 ஆகிரும் இல்லையா, அத. கரைசலோட பிஎச்ச 25 பாகைக்கு மாத்தி காட்டாது. அந்த நிமிஷம் அந்த குளிருல என்ன பிஎச்சோ அதத்தான் காட்டும், அதுதான் சரியும் கூட. இந்த திருத்தம் இல்லாத மீட்டரும் விக்கிறாங்க, நம்ம ஊருக்கு அது சரிவராது, நடுநிலையில செட் பண்ணிட்டு பிஎச் 4க்கு போனா குளிருனால மட்டுமே 0.1 பிழை வந்துரும்.

இனி மண்ணு. மீட்டர் இருக்குன்னு ஊருல தெரிஞ்சவுடனே கோவாவும் லீக்ஸும் போடுற அண்ணன் ஒருத்தர் ஒரு பேக்ல மண்ணோட வந்துட்டாரு.

'டீச்சர், இந்த மெசின மண்ணுல குத்துனா புளிப்ப கொறைக்க எவ்வளவு டொலமைட் போடணும்னு சொல்லுமா?'

'குத்தக்கூடாதுண்ணே, கண்ணாடி ஒடைஞ்சிரும். பிஎச் சொல்லும். ஆனா எவ்வளவு டொலமைட்னு அது சொல்லாது.'

செய்யுற விதம் இதுதான்: காஞ்ச மண்ண சலிச்சு 10 கிராம், காய்ச்சி வடிச்ச தண்ணி 25 மில்லி, நல்லா கலக்கி, அரை மணி நேரம் விட்டு, மேல தெளிஞ்ச தண்ணியில மீட்டர வைக்கணும். அவரு மண்ணு 4.8 காட்டுச்சு. தேயிலைக்குன்னா அது அருமையான மண்ணு, தேயிலை 4.5ல இருந்து 5.5 வரைக்கும் கேக்குற செடி, மத்த பயிருக்கு வெஷமாகுற அலுமினியத்தையும் தாங்கிக்கிட்டு வளரும். கோவாவுக்கு அது ரொம்ப புளிச்ச மண்ணு, வேர் வீங்குற நோய் புளிச்ச மண்ணுலதான் ஜோரா பரவும். 4.8ன்னா ஐதரசன் அயன் செறிவு லீட்டருக்கு 1.6×10⁻⁵ மூல், 6.5க்கு கொண்டு வரணும்னா அம்பது மடங்கு கொறைக்கணும்.

இப்ப அந்த தண்ணியில இருக்குற அயன மட்டும் கணக்கு போட்டு டொலமைட் நிறுத்தா ஒரு பாத்திக்கு ஒரு சிட்டிகை கூட தேவைப்படாது. ஆனா தோட்டத்துல மூட்டை மூட்டையா போடுறாங்க. ஏன்? வினிகர் கதைதான். களிமண்ணும் மக்குனதும் ஐதரசன் அயனையும் அலுமினியம் அயனையும் புடிச்சு வச்சிருக்கு, மீட்டருக்கு அது தெரியாது. டொலமைட்ல இருக்குற காபனேற்று தண்ணியில திரியுற அயன தின்னவுடனே, மண்ணு புடிச்சு வச்சிருக்குறதுல இருந்து புதுசு வந்து நிக்கும். மணல் கலந்த மண்ணும் கறுத்த கனத்த மண்ணும் ஒரே 4.8 காட்டலாம், டொலமைட் தேவை பல மடங்கு வித்தியாசப்படும். அதனாலதான் மண் பரிசோதனைக்கூடத்துல மண்ண தாங்கற் கரைசலோட கலக்கி அதோட பிஎச் எவ்வளவு எறங்குதுன்னு பாத்து சுண்ணாம்பு தேவைய கணக்கு போடுற முறை வச்சிருக்காங்க. அண்ணனுக்கு இத சொல்லி, மண்ண பரிசோதனைக்கு குடுங்க, போட்டு மூணு நாலு மாசத்துக்கு அப்புறம் எவ்வளவு ஏறியிருக்குன்னு வேணும்னா நான் பாத்து சொல்றேன்னு அனுப்புனேன். அதுக்கு இந்த மீட்டர் தாராளமா போதும். யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் போட போட மண்ணு திரும்ப புளிக்கும், மண்ணுல இருக்குற கிருமி அமோனியம் அயன நைத்திரேற்றா மாத்துறப்போ ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஐதரசன் அயன் வெளிய வரும், அதனால ஒருக்கா பாத்து விட்டா போதாது. தேயிலை காரங்க கவாத்து வெட்டுன பொறகு டொலமைட் போடுறதும் இந்த புளிப்புக்காகத்தான். 1925ல ஆரம்பிச்ச தேயிலை ஆராய்ச்சி நிலையம் நம்ம தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துலதான் இருக்கு, மண்ணோட பிஎச்சும் தேயிலையும் பத்தி படிக்கணும்னு ஆசைப்படுற புள்ளைங்களுக்கு கண்ணு முன்னாலயே ஒரு வழி இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டே இருப்பேன்.

இது ஒத்து வராத எடமும் இருக்கு. பீலி தண்ணி, மழைத்தண்ணி, காய்ச்சி வடிச்ச தண்ணி மாதிரி அயன் ரொம்ப கொறைவான தண்ணியில நம்பர் நிக்கவே நிக்காது, 6.4, 6.1, 5.9னு எறங்கிக்கிட்டே போகும். பாதி காரணம் மீட்டர், மின்சாரம் ஓடுறதுக்கு தண்ணியில அயன் பத்தல. பாதி காரணம் காத்துல இருக்குற காபனீரொட்சைட்டு கரைஞ்சு காபோனிக் அமிலம் ஆகுறது, சுத்தமான தண்ணி காத்து பட்டாலே 5.6 பக்கம் வந்துரும். அதனால 10⁻⁸ மூல் ஐதரோக்குளோரிக் அமிலத்தோட பிஎச் என்னன்னு வர்ற அந்த பிரபலமான கேள்விய, 8 இல்ல 6.98ங்கிற அத, மீட்டர்ல காட்டலாம்னு நெனைக்காதீங்க, அது பேப்பர்லதான் செய்யணும். அதே மாதிரி 12.5க்கு மேல போற மூலத்துலயும் நம்பாதீங்க, சோடியம் அயன் கூடுனா கண்ணாடி அதையும் ஐதரசன் அயன்னு எண்ணி கொறைச்சு காட்டும். வெத்தலைக்கு போடுற சுண்ணாம்ப கரைச்சு தெளிஞ்ச தண்ணி 25 பாகையில 12.4 பக்கம் வரும், அது வரைக்கும் பரவாயில்ல, ஒரே மூலம் ரெண்டு ஐதரொட்சைட்டு அயன் குடுக்குறதுக்கு அதுதான் நல்ல உதாரணம், பாத்துட்டு உடனே கழுவிருங்க. பெட்டரி அசிட், டொய்லட் கழுவுற அசிட் எல்லாத்தையும் ஐதாக்காம மீட்டர் பக்கமே கொண்டு வராதீங்க, கண்ணுக்கு கண்ணாடி இல்லாம புள்ளைங்கள தொட விடவும் வேணாம்.

மீட்டர் வாங்க வசதியில்லன்னா? பிஎச் தாள் இருக்கு, ஆனா அதுல ஒரு கலருக்கும் அடுத்த கலருக்கும் நடுவுல பத்து மடங்கு, அந்த 0.5 நகர்வு அதுல தெரியாது. நம்ம பக்கம் வெளையுற செவப்பு கோவாவ அரிஞ்சு சுடுதண்ணியில போட்டு வடிச்சா நல்ல காட்டி கெடைக்கும், அமிலத்துல செவப்பு, நடுவுல ஊதா, மூலத்துல நீலம் பச்சை, ரொம்ப வன்மையான மூலத்துல மஞ்சள். பிளேன்டீல தேசிக்காய் புழிஞ்சா கலர் வெளுக்குறதும் இதே கதைதான், ஓஎல் புள்ளைங்களுக்கு அது போதும். ஏஎல்லுக்கு நம்பர் வேணும்.

பராமரிப்பு விஷயத்துல கறாரா இருங்க. கண்ணாடி முட்டு காயவே கூடாது, மூடிக்குள்ள லீட்டருக்கு 3 மூல் பொற்றாசியம் குளோரைட்டு கரைசல் ரெண்டு சொட்டு எப்பவும் இருக்கணும், 22.4 கிராம் எடுத்து 100 மில்லி ஆக்குனா வருசக்கணக்குக்கு காணும். தோட்டத்துல போடுற எம்ஓபி உரமும் அதே உப்புதான்னு புள்ளைங்க சொல்லுவாங்க, சரிதான், ஆனா அந்த செவப்பு உரத்துல வேற சாமானும் இருக்கு, இதுக்கு ஆகாது. கரைசல் கெடைக்கலன்னா 4.01 தாங்கற் கரைசல ஊத்தி வைங்க. காய்ச்சி வடிச்ச தண்ணியில மட்டும் ஊற வைக்காதீங்க, உள்ள இருக்குற அயனெல்லாம் வெளிய கசிஞ்சு போயிரும். கழுவுன பொறகு டிசுவால தேய்க்காம ஒத்தி எடுக்கணும். கரைசல மாத்துனா நம்பர் நிக்குற வரைக்கும் அரை நிமிஷம் ஒரு நிமிஷம் பொறுக்கணும், புள்ளைங்களுக்கு கஷ்டமானது இதுதான், வச்ச உடனே எழுதிருவாங்க.

டிலிவரி வாங்குறப்போ பெட்டிய தெறந்து கண்ணாடி முட்டுல கீறல் இருக்கான்னு வெளிச்சத்துல புடிச்சு பாருங்க. எனக்கு வந்த மொத மீட்டர்ல முட்டு கீறி இருந்துச்சு, எந்த கரைசல்ல வச்சாலும் 7க்கு கிட்டயே நின்னுச்சு, வித்தவங்க படம் அனுப்பச் சொல்லி, அப்புறம் மாத்திக் குடுத்தாங்க, ஆனா அதுக்குள்ள பாடம் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. காஞ்சு வந்திருந்தா பயப்பட வேணாம், ஒரு ராத்திரி பொற்றாசியம் குளோரைட்டுல ஊற வச்சா பெரும்பாலும் உயிர் வந்துரும். தாங்கற் கரைசல் பவுடர் பெக்கட் தனியாவும் விக்கிறாங்க, மீட்டர் வாங்குறப்பவே ரெண்டு செட் சேத்து ஓடர் பண்ணுங்க, கரைச்சு வச்சா மாசக்கணக்குக்கு மேல நம்ப முடியாது, அதுலயும் 9.18 காத்துல இருக்குற காபனீரொட்சைட்ட குடிச்சு மொதல்ல கெட்டுப்போறது, அந்த போத்தல் மூடிய மட்டும் புள்ளைங்க நல்லா இறுக்குறாங்களான்னு பாத்துக்கங்க.